துணிப் பொம்மை தைக்க: முகத்துக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

துணிப் பொம்மை செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணும் மூக்கும் எப்படி வருமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். முகம் கோணலாக வந்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். பிரிக்க முடியாதவை வேறு: துணியை எந்தத் திசையில் வைத்து வெட்டினீர்கள், தையல் எவ்வளவு நெருக்கம், பஞ்சு எவ்வளவு இறுக்கம். தலை தொங்கும் பொம்மை, ஒரு கால் திருகிக்கொண்ட பொம்மை, கன்னம் சுருங்கிய பொம்மை எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கெட்டவை. அதனால் இந்தக் குறிப்பில் பாதி இடம் அதற்கே போகிறது.

இங்கே சொல்லப்படுவது சுமார் 15 அங்குல (38 செ.மீ.) உயரமுள்ள பெண் பொம்மை. புடவை கட்டிப் பின்னல் போட்டுக் கொலுப்படியில் நிறுத்தலாம். பாவாடை சட்டை போட்டுக் குழந்தை கையில் கொடுக்கவும் செய்யலாம். உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நிறுத்துவதிலும் கண் வைப்பதிலும்தான் வழி பிரியும். முதல் பொம்மையை இதைவிடச் சிறியதாக எடுக்காதீர்கள். சிறியது சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரு விரல் அகலமுள்ள கையைத் தைத்து உள்வெளியாகத் திருப்புவதைப் போல எரிச்சலூட்டும் வேலை இதில் வேறு இல்லை.

உடம்புக்குத் துணி

நெருக்கமான நெசவு, இழுத்தால் நீளாத துணி, மெல்லிசு. இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் பொம்மைக் கடை அல்ல, ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டர். 2×2 ரூபியா என்று கேட்டால் பிஸ்கட் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறம் வரை பல தோல் நிறங்கள் அங்கே அடுக்கியிருக்கும். சென்னையில் தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ இப்படிப்பட்ட கடைக்குப் போகும்போது கடை விளக்கை நம்பாமல் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள். மஞ்சள் விளக்கில் மாநிறமாகத் தெரிந்தது வெயிலில் ஆரஞ்சாக இருக்கும். அரை மீட்டர் போதும். பொம்மை என்றாலே வெளுப்பு ரோஸ் நிறம் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் ஊர் முகத்துக்கு டார்க் பிஸ்கட், சாக்லேட் நிறங்கள்தான் பொருந்தும், அதன்மேல் மைக்கண்ணும் எடுப்பாகத் தெரியும்.

ரூபியா மெல்லிசு என்பதால் அதை மட்டும் தைத்தால் பஞ்சின் கட்டி வெளியே தெரியும். பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். அது இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை உள்துணியாக வைத்து இரண்டையும் ஒன்றாகத் தைக்கலாம். தடித்த கேன்வாஸ் வேண்டாம், முழங்கை போன்ற வளைவுகளில் மடிந்து வரிவிழும்.

இன்னொரு வழி காடாத்துணி. மலிவு, உறுதி, சாயம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கஞ்சியோடு வரும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். துவைக்காமல் தைத்தால் பிற்பாடு ஒரு முறை நனைந்ததுமே சுருங்கி, தையல் ஓரமெல்லாம் சுளுக்கிக்கொள்ளும். கஞ்சியை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: பரணில் இருக்கும் பொம்மையைப் பாச்சை தேடி வருவது அந்தக் கஞ்சிக்காகத்தான்.

காடாவுக்குத் தோல் நிறம் ஏற்றுவதற்கு டீத்தூளே போதும். 1 லிட்டர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி டீத்தூள் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். துணியை முதலில் வெறும் தண்ணீரில் முழுக்க நனைத்துப் பிழிந்த பிறகே அதில் முக்க வேண்டும்; காய்ந்த துணியை முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அரை மணி நேரம் கிளறிக்கொண்டே ஊறவிடுங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் நிறம் வெளிறும், அதனால் வேண்டியதைவிட ஒரு படி கறுப்பாக இருக்கும்போது எடுங்கள். இரும்புச் சட்டியில் செய்தால் நிறம் சாம்பலடித்துப்போகும்; எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

பனியன் துணி தலைக்கு நன்றாக உருண்டு வரும் என்று சிலர் எடுப்பார்கள். வரும்தான். ஆனால் அடைக்க அடைக்க நீண்டுகொண்டே போகும், எங்கே நிறுத்துவது என்று புதியவர்களுக்குத் தெரியாது. அதை மூன்றாவது நான்காவது பொம்மைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை

அடைக்க ஃபைபர் பஞ்சு 100 முதல் 120 கிராம் பிடிக்கும். கால் கிலோ வாங்கினால் இரண்டு பொம்மை வரும். தையல் நூல் துணி நிறத்தில் ஒரு கண்டு. முகத்துக்கு ஆங்கர் நூல் (எம்பிராய்டரி நூல்) கறுப்பு, வெள்ளை, பழுப்பு, மருதாணிச் சிவப்பு ஒவ்வொன்று. கூந்தலுக்குக் கறுப்புக் கம்பளி நூல் 50 கிராம். மெஷின் ஊசி 11-ம் நம்பர் (காடாவுக்கு 14). பஞ்சு தள்ள முனை மழுங்கிய மூங்கில் குச்சி. மருந்துக் கருவிக் கடையில் கிடைக்கும் நீள மூக்கு இடுக்கி ஒன்று இருந்தால் விரலுக்குள் பஞ்சு வைப்பது எளிது. ஜரிகை, லேஸ், மணி வகைக்குப் பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கம் ஒரு நடை போனால் போதும். மொத்தக் கடைகள் பலவும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். புடவைக்கென்று புதுத்துணி வாங்காதீர்கள், காரணம் பின்னால்.

இலவம்பஞ்சும் நல்லதுதான், எடையில்லாமல் மெத்தென்று இருக்கும். ஆனால் தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு அடைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். துவைக்கும் பொம்மைக்கும் அது ஆகாது. பழைய தலையணைப் பஞ்சு எதற்குமே ஆகாது. ஏற்கெனவே கட்டி தட்டியது, உள்ளே போயும் கட்டியாகவே இருக்கும்.

அளவு

காகிதத்தில் வரையும்போது ஒன்றை மனதில் வையுங்கள். தட்டையாக இருக்கும் துணி, பஞ்சு போனதும் அகலத்தில் குறையும். குழாய் வடிவமான கை, கால், கழுத்து 10 செ.மீ. அகலம் தைத்தால் அடைத்ததும் சுமார் ஆறரை செ.மீ.தான் தெரியும். வட்டமான தலை முக்கால் பங்காகும். பொம்மையைப் பார்த்து அதே அளவில் வரைகிறவர்களுக்குக் கழுத்து குச்சியாக வருவது இதனால்தான்.

கீழே உள்ளவை தையல் கோட்டின் அளவுகள், தையலுக்கு விடும் துணி சேராதவை:

- தலை: அகலம் 10, உயரம் 11 செ.மீ., முட்டை வடிவம், தாடைப் பக்கம் சற்றே குறுகல்
- கழுத்து: அகலம் 4.5, உயரம் 2
- உடல்: தோள் 10, இடுப்பு 8.5, அடி 10.5, உயரம் 12
- கை: நீளம் 15, தோளில் 4.5, மணிக்கட்டில் 3.5
- கால்: நீளம் 17, அகலம் 4.5, கணுக்காலில் 3.8, பாதம் முன்பக்கம் நீட்டி 6.5

தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே துண்டு. முகப்பக்கம் முழுவதும் தோல் நிறம். பின்பக்கத்தில் மட்டும் தலைக்குக் கறுப்புத் துணியைக் கழுத்துக் கோட்டில் இணைத்துக்கொண்டு வெட்டுங்கள். கூந்தல் விலகினாலும் வழுக்கை தெரியாது. கழுத்தை 4.5-க்குக் குறைக்காதீர்கள். கழுத்து நீளமாக இருந்தால் அழகு என்று 3 செ.மீ. ஆக்குகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தலை நிமிர்ந்து நிற்காது.

இழையின் திசை

துணியின் இரு ஓரமும் பிசிறாமல் வரும் கரை இருக்கிறதல்லவா, அதற்கு இணையாக ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. பாவு அதிகம் நீளாது, ஊடை கொஞ்சம் கொடுக்கும், மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும். உடல், கை, கால் எல்லாவற்றின் உயரமும் கரைக்கு இணையாக, அதாவது பாவின் வழியே இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் பொம்மை நெடுக்கில் நீண்டு இடுப்பு ஒட்டிப்போகும். துணி மிச்சப்படுத்துவதற்காக ஒரு காலை மட்டும் மூலைவாட்டில் வைத்தால் அந்தக் கால் அடைத்ததும் திருகிக்கொள்ளும், பிறகு எந்த ஊசி வேலையும் அதை நேராக்காது. இரண்டு கால் நான்கு துண்டும் ஒரே திசை. காகித அச்சில் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தால் மறக்காது.

வரை, தை, பிறகு வெட்டு

துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்துப் பென்சிலால் அச்சைச் சுற்றி வரையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் மை வெளியே கசிந்து தோலில் நீலக் கோடு விழும். வரைந்ததை வெட்டாதீர்கள். வரைந்த கோட்டின் மேலேயே தைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இது தலைகீழாகப் படும். ஆனால் இவ்வளவு சிறிய துண்டுகளை வெட்டிவிட்டு மெஷினில் வைத்தால் இரண்டு அடுக்கும் நகர்ந்து, ஒரு கை மெலிந்தும் ஒரு கை பருத்தும் வரும். பின்தலையில் கறுப்பு இணைத்திருப்பதால் உடல் துண்டை மட்டும் முன்பின் தனித்தனித் துணியாக வைத்துக் குண்டூசி குத்தித் தையுங்கள்.

மெஷினில் தையல் நீளம் 1.5 மி.மீ. சாதாரணமாக ரவிக்கைக்கு வைக்கும் நீளத்தில் தைத்தால் பஞ்சு அழுத்தத்தில் தையல் பல்லிளிக்கும், உள்நூல் வெளியே தெரியும். கையால் தைப்பதென்றால் ஓட்டுத் தையல் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் வேண்டும், செ.மீ.க்கு 4. கழுத்தின் இரு பக்கம், கட்டைவிரல் இடுக்கு, கணுக்கால் மடிப்பு இவற்றில் இரண்டாவது தடவையும் ஓட்டுங்கள்.

திறப்பு எங்கே விடுவது: உடலுக்கு அடிப்பக்கம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். காலுக்கு மேல்முனை. கைக்கு மேல்முனையை மூடிவிட்டுப் பின்பக்கத் தையலில் தோளுக்குச் சற்றுக் கீழே 4 செ.மீ.

வெட்டும்போது தையலுக்கு வெளியே 5 மி.மீ. விடுங்கள், கைவிரல் பக்கம் 3 மி.மீ. திறப்புகளில் மட்டும் 1 செ.மீ. விட்டால் உள்ளே மடக்க வசதி. அதற்குப் பிறகு வெட்டுக்குறி. கழுத்து தோளோடு சேரும் வளைவு, கட்டைவிரல் இடுக்கு, பாதம் காலோடு சேரும் மடிப்பு, இங்கெல்லாம் தையலுக்கு 1 மி.மீ. அருகே வரை கத்தரி முனையால் வெட்ட வேண்டும். பயந்து பாதியில் நிறுத்தினால் திருப்பியதும் அந்த இடம் கொசுவிக்கொண்டு நிற்கும். கழுத்து வெட்டில் துணிப் பசையை ஊசிமுனையளவு தடவிக் காயவிடுங்கள், பிசிறாது. மைதாப் பசை தடவாதீர்கள், பாச்சைக்கும் கரப்பானுக்கும் விருந்து.

கையைத் திருப்ப இளநீர்க் கடையில் தருவது போன்ற தடித்த ஸ்ட்ராவை உள்ளே விரல் வரை நுழையுங்கள். வெளியிலிருந்து மழுங்கிய குச்சியால் விரல் முனையை ஸ்ட்ராவுக்குள் தள்ளினால் கை தானாகத் திரும்பி வரும். ஐந்து விரலும் தனித்தனியாக முதல் பொம்மைக்குத் தேவையில்லை. கட்டைவிரல் தனியாக, மீதி நான்கும் சேர்ந்தாற்போல் தைத்து, அடைத்த பிறகு மேலே மூன்று கோடு தையல் போட்டால் விரல் பிரிந்து தெரியும்.

பஞ்சு அடைப்பது

நேரத்தை இங்கே செலவிடுங்கள். தைக்க ஒரு மணி நேரம் ஆனால் அடைக்க இரண்டு மணி ஆவதுதான் முறை.

பஞ்சைப் பையிலிருந்து பிய்த்து அப்படியே திணிக்கக் கூடாது. கையால் இழுத்து இழுத்துப் பூவாக்க வேண்டும். உருண்டையாக உருட்டிப் போட்டால் ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியாக நிற்கும், கன்னத்தில் நெல்லிக்காய் வைத்ததுபோல் புடைப்பு தெரியும். ஒரு கொத்து வைத்தால் அடுத்த கொத்து அதன்மேல் பாதி ஏறிக் கலக்க வேண்டும். கை, காலில் சிறிய கொத்து, தலையில் கைப்பிடிக் கொத்து.

தலையை முதலில் அடையுங்கள். உடலின் அடித்திறப்பு வழியாகக் குச்சியை விட்டு, உச்சியையும் இரு கன்ன ஓரங்களையும் முதலில் நிரப்பி, நடுவைக் கடைசியில் நிரப்புவது முறை. நடுவில் தொடங்கினால் ஓரங்கள் காலியாகவே நின்று தையல் வழியே சுருக்கம் விழும். சரியாக அடைத்தாலும் தட்டையான இரு துண்டில் தைத்த தலையில் ஓரச் சுருக்கம் கொஞ்சம் வரத்தான் செய்யும், துணி நீளாதே. உச்சியும் காதுப் பக்கமும் கூந்தலில் மறையும். தாடைதான் வெளியே தெரியும் இடம், அதனால் அங்கே விரலால் அழுத்தினால் பந்துபோல் எதிர்க்கும் வரை அடையுங்கள். அடுத்த பொம்மை செய்யும்போது தாடைக்கு இரு பக்கமும் 1 செ.மீ. டாட் (துணியைக் கூம்பாக மடித்துப் போடும் தையல்) பிடித்துப் பாருங்கள், முகம் உருண்டு வரும்.

இனி கழுத்து. தலை நிரம்பியதும் பலரும் நேராக உடலுக்குப் போய்விடுவார்கள். கழுத்தில் போதுமான பஞ்சு இல்லாமல் தலைப் பஞ்சும் உடல் பஞ்சும் தனித்தனியாக நின்றுவிட்டால், நடுவில் ஒரு கீல் உண்டாகிறது. அன்றைக்கு நேராக இருக்கும், ஒரு வாரத்தில் தலை முன்னால் கவிழும். தடுக்க வழி: உடம்புத் துணியின் மிச்சத்தை 6 செ.மீ. நீளத்துக்கு விரல் தடிமனில் இறுக்கச் சுருட்டித் தைத்து, பாதி தலைக்குள்ளும் பாதி நெஞ்சுக்குள்ளும் போகும்படி கழுத்தில் செருகுங்கள். அதைச் சுற்றி நான்கு பக்கமும் பஞ்சைச் சின்னச் சின்னதாகத் தள்ளி இறுக்குங்கள். கொலுப் பொம்மை என்றால் துணிச்சுருளுக்கு நடுவே மூங்கில் குச்சித் துண்டு ஒன்றை வைக்கலாம். குழந்தைக்கான பொம்மையில் குச்சி கூடவே கூடாது, ஒருநாள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

சோதிப்பது சுலபம். உடலைப் பிடித்து உதறுங்கள். தலை தாமதமாக ஆடினால் இன்னும் பஞ்சு வேண்டும்.

உடலை அடைத்ததும் திறப்பை உடனே மூடாதீர்கள். ஓர் இரவு வைத்தால் பஞ்சு படியும், காலையில் இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில்தான் அது பெரும்பாலும் தேவைப்படும். பஞ்சை உடம்பில் கெட்டியாகவும், கையில் சற்றுத் தளர்வாகவும் வையுங்கள். காலில் கடைசி ஒன்றரை செ.மீ. காலியாக விட்டால் உட்கார வைக்க மடங்கும்.

கை, கால் சேர்ப்பது

காலைப் பக்கவாட்டு வடிவத்தில் வெட்டியதால் அதன் இரண்டு தையலும் முன்னும் பின்னும் இருக்கின்றன. மேல்முனையைத் தட்டையாக்கும்போது அந்த இரண்டு தையலும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வரவேண்டும். துணி மடிந்த வாக்கிலேயே தட்டையாக்கித் தைத்தால் பாதம் இரண்டும் கிழக்கும் மேற்குமாகத் திரும்பும். பாதம் முன்னால் பார்க்கும்படி குண்டூசி குத்தி, ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள். உடலின் அடியை 1 செ.மீ. உள்ளே மடக்கி, இரு காலையும் அதற்குள் வைத்து, இரட்டை நூலில் நெருக்கமாகத் தைக்க வேண்டும். இரு காலுக்கும் நடுவே 1 செ.மீ. திறப்பு விட்டு வையுங்கள், கொலுவில் நிறுத்தும் குச்சியை ஏற்ற.

கையின் திறப்பை, நூல் வெளியே தெரியாத மறைதையலால் மூடுங்கள். பிறகு தோள் தையலுக்கு 1.5 செ.மீ. கீழே, நீள ஊசியில் மெழுகு தேய்த்த இரட்டை நூலைக் கோத்து, ஒரு கை, உடல், மறு கை என்று குறுக்கே நான்கு முறை போய்வந்து இறுக்கினால் கையை மேலும் கீழும் ஆட்டலாம். கோணி ஊசி வேண்டாம், ரூபியாவில் அது போடும் ஓட்டை அடையாது. நூல் இழுபடும் இடத்தில் துணி கிழியாமலிருக்க இரு பக்கமும் சட்டைப் பொத்தான் வைப்பார்கள், குழந்தைப் பொம்மையில் அதற்குப் பதில் வட்டத் துணித் துண்டு.

முகம்

அடைத்த பிறகே முகம். தட்டையான துணியில் வரைந்து தைத்தால், பஞ்சு போனதும் கண்கள் காதை நோக்கி ஓடும்.

முதலில் குண்டூசியால் மட்டும் முகம் வையுங்கள். அடைத்த தலை எட்டரை செ.மீ. உயரம் இருக்கும். தாடையிலிருந்து 4 செ.மீ. மேலே கண், அதாவது பாதிக்குச் சற்றுக் கீழே. அப்போது நெற்றி பெரிதாகி முகத்தில் பிள்ளைக்களை வரும். கண்ணை மேலே ஏற்ற ஏற்ற வயது ஏறும். பாட்டிப் பொம்மை செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு கண்ணின் அகலம் 1.3, இரு கண்ணுக்கும் இடைவெளி 1.7, உதடு தாடையிலிருந்து 1.5 செ.மீ. மேலே. குண்டூசி வைத்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் தெரியாத கோணல் படத்தில் தெரியும்.

ஆங்கர் நூலில் 6 இழை இருக்கும். கண்ணின் மேல்கோட்டுக்கு 2 இழை எடுத்துக் காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்), கருவிழிக்கு 2 இழையில் நிரப்புத் தையல் (சாட்டின் ஸ்டிச்), இமை மயிருக்கு 1 இழை. வெள்ளை ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் வரவேண்டும். இடக்கண்ணில் இடது, வலக்கண்ணில் வலது என்று வைத்தால் பொம்மை மாறுகண்ணாகிவிடும். முடிச்சைப் பின்தலையில் போட்டு ஊசியை முன்னால் கொண்டுவாருங்கள், கூந்தல் அதை மறைத்துவிடும். ஒரு கண்ணிலிருந்து இன்னொன்றுக்கு நூலைத் தோலுக்கு அடியிலேயே மேலோட்டமாக இழுக்காதீர்கள், கறுப்பு நூல் நிழலாகத் தெரியும். பஞ்சுக்குள் ஆழமாகவே போகட்டும்.

மூக்குக்கு இரண்டு சின்னப் புள்ளி போதும். உயர்ந்த மூக்கு வேண்டுமென்றால் தோல் நிற நூலில், 8 மி.மீ. இடைவெளியில் இரு பக்கமும் மாறி மாறி ஊசியை விட்டு மெல்ல இழுத்தால் நடுவில் துணி எழும். இந்த வேலை காடாவில் நன்றாக வரும், கேன்வாஸ் ஒட்டிய ரூபியாவில் வராது. துணிச் சாயத்தால் வரைகிறவர்கள் தண்ணீர் கலக்காமல், முக்கால்வாசி உலர்ந்த தூரிகையில் தொட்டு வரையுங்கள். ஈரமாக வைத்தால் இழை வழியே பரவி மை கலைந்த முகமாகும்.

கூந்தல்

கம்பளி நூலை 50 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 9 செ.மீ. நீளமுள்ள கறுப்பு நாடாவின் மேல் நெருக்கமாகப் பரப்பி, நடுவே மெஷினில் தைத்தால் அதுவே வகிடு. நெற்றித் தையலுக்கு அரை செ.மீ. முன்னாலிருந்து உச்சி வழியாகப் பின்னால் போகும்படி வைத்துக் கையால் தைத்து, இருபுறமும் சீவி, காதருகில் சில தையல் போட்டுப் பின்னுங்கள். கம்பளி நூலை மட்டும் ஒட்டி வைத்தால் கொஞ்ச நாளில் இழை இழையாக உதிரும்.

பூ வைக்காமல் விட மனம் வராது. வெள்ளை ஆங்கர் நூலை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து, பச்சை நூலில் மல்லிகை கட்டுகிற அதே முடிச்சால் நெருக்கமாகக் கட்டுங்கள். காம்புப் பக்கத்தை ஒட்ட நறுக்கினால் அசல் சரம். ஆரஞ்சு நூல் எடுத்தால் கனகாம்பரம், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் கதம்பம்.

புடவை

இதில்தான் புதுத்துணி வேண்டாம் என்றது. பொம்மையின் உடம்பைச் சுருக்கிவிட்டோம், துணியின் தடிமனைச் சுருக்க முடியாது. புதுக் காட்டன் எடுத்தால் கொசுவம் விறைத்துப் பொம்மை கூடாரத்துக்குள் நிற்பதுபோல் தெரியும். பல வருடம் துவைத்து நைந்த மல்மல், பழைய ஷிஃபான் துப்பட்டா, கிழிந்த பட்டுப் புடவையின் உடல்பகுதி இவைதான் உடம்போடு விழும். கரை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரை மீட்டர் புடவையைப் பொம்மை உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 1.3 மீட்டர் வரும். ஆனால் கொசுவம் நான்கைந்து மடிப்புக்கு மேல் வைத்தால் வயிறு புடைக்கும், அதனால் 110 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் போதும். முதலில் மெல்லிய உள்பாவாடையை இடுப்பில் நாடா வைத்துக் கட்டுங்கள். ஒரு சுற்று, கொசுவம், இன்னொரு சுற்று, முந்தானை. கொசுவத்தை முன்கூட்டியே இஸ்திரி போட்டு மேல்முனையை ஓட்டுத் தையலில் பிடித்துக்கொண்டால் கட்டுவது சுலபம். தோளில் குண்டூசி குத்தி விடாதீர்கள். நம் கடல்காற்றில் ஊசி துருப்பிடித்துப் பட்டில் பழுப்புப் புள்ளி விழும். நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். காலுக்குள் கட்டுக்கம்பி வைப்பதும் இதே காரணத்தால் ஆகாது, வேண்டுமென்றால் அலுமினியக் கம்பி.

நிற்க வைக்க 10 செ.மீ. சதுரப் பலகையில் 6 மி.மீ. தடிமனுள்ள மூங்கில் குச்சியை 24 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தி, இரு காலுக்கும் நடுவே விட்ட திறப்பு வழியாக நெஞ்சு வரை ஏற்றினால் புடவைக்குள் குச்சி தெரியாது. அடியில் கனத்துக்கு அரிசி, பயறு போட்டுத் தைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மழைக்காலத்தில் வண்டு வரும். பலகை கனமே போதும்.

குழந்தைக்கு என்றால்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மையில் மணி, பொத்தான், ஜிமிக்கி, ஜரிகை எதுவும் இருக்கக் கூடாது. கண் முழுவதும் நூல் வேலை. கூந்தலைப் பின்னித் தலையோடு தைத்துவிடுங்கள். எல்லாத் தையலையும் இரண்டு தடவை ஓட்டி, கையையும் காலையும் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே கையில் கொடுங்கள். பஞ்சு ஃபைபராகவே இருக்கட்டும், துவைத்து வலைப்பையில் தொங்கவிட்டால் நல்ல வெயிலில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைக்க வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் வாடை போகாது.

எடுத்து வைப்பது

நவராத்திரி முடிந்து பெட்டிக்குள் போகும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் சென்னையில் ஒன்றுதான். படியிலிருந்து இறக்கியதும் நிழலில் ஒருநாள் காற்றாட வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ ஒரு சின்னப் பொட்டலமாக உடன் வைக்கலாம். அந்துருண்டை போடுவதென்றால் பிளாஸ்டிக் மணி, பொத்தான்மேல் நேராகப் படக் கூடாது. சிலவகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

விற்க நினைக்கிறவர்களுக்கு

14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், துணிப் பொம்மையும் அதில் அடங்கும். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் வீட்டிலிருந்து தைத்து விற்கிறவர்கள் முதலில் அந்தப் பதிவை வாங்கிவிடுவது நல்லது. பொம்மையோடு ஒரு சீட்டும் கட்டுங்கள்: உடம்புத் துணி எது, உள்ளே என்ன பஞ்சு, துவைக்கலாமா, எந்த வயதுக்கு. கொலுவுக்கென்று மணியும் குச்சியும் வைத்துச் செய்ததில் குழந்தை விளையாட அல்ல என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.